55 பெரிதா, 90 பெரிதா?

ஒரு கணக்குக் கேட்கிறோம், தோழர்களே! 55 பெரிதா, 90 பெரிதா?

"இதென்ன கேள்வி! மூன்றாம் வகுப்புப் பிள்ளைகூடச் சொல்லுமே, 90தான் பெரிதென்று!" என்பீர்கள். சரிதான். சந்தையிலே 90 பெரிது. சம்பளப் பட்டுவாடா நாளிலே 90 மிகமிகப் பெரிது. ஆனால், ஓட்டுப் பெட்டியைத் திறந்து எண்ணுகிறபோது மட்டும், 55 பெரிதாகி 90 சிறுத்துப் போவதுண்டு!

வேடிக்கை பேசவில்லை நாம். வட ஆப்பிரிக்காவிலே, மத்தியதரைக் கடலோரத்திலே, துனீசியா என்றொரு சிறு நாடு இருக்கிறது. மக்கள்தொகை ஒரு கோடியே இருபது இலட்சம் அளவுதான். அந்நாடு பத்தாண்டுக் காலத்திலே மூன்று முறை குடியரசுத் தலைவர் தேர்தல் நடத்தி, இந்தக் கணக்கை உலகுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறது. 2014இல் வென்றவர் பெற்றது நூற்றுக்கு 55. 2019இல் வென்றவர் பெற்றது நூற்றுக்கு 72. 2024இல் வென்றவர் பெற்றது நூற்றுக்கு 90!

55, 72, 90! ஏணிப்படி போல ஏறுகிறது எண்ணிக்கை. ஆனால் அதே பத்தாண்டில் மக்கள் உரிமை என்னவாயிற்று? அது ஏறவில்லை, தோழர்களே! இறங்கிற்று, இடறிற்று, இன்று தரையிலே கிடக்கிறது. எப்படி நேர்ந்தது இது? எவர் செய்தார்? எவர் செய்ய விட்டார்? இதைத் தெரிந்துகொள்வது, ஓட்டுச் சீட்டு ஒன்றைத் தவிர வேறு ஆயுதம் இல்லாத உழைப்பாளிக்கு மிகவும் தேவை.

99 வாங்கிய வல்லவர்!

பிரெஞ்சுக்காரர் பிடியிலிருந்து துனீசியா விடுபட்டது 1956 மார்ச்சு 20ஆம் நாள். அடுத்த ஆண்டு குடியரசு ஆயிற்று. ஹபீப் பூர்கிபா தலைவரானார். விடுதலைப் போரின் தளகர்த்தர் அவர். பலதார மணத்தை ஒழித்தார். பெண்கள் படிக்க வழி செய்தார். மறுக்கவில்லை நாம், பாராட்டுகிறோம். ஆனால் 1975இல், ஆயுள் முழுதும் தாமே தலைவர் என்று சட்டம் செய்ய வைத்துக்கொண்டார்! விடுதலை வாங்கித் தந்தவரே, விடுதலையைப் பெட்டியில் வைத்துப் பூட்டிச் சாவியை மடியிலே செருகிக்கொண்டார்.

மடியிலிருந்த சாவியை 1987 நவம்பர் 7ஆம் நாள் ஒருவர் உருவினார். அவர் பெயர் பென் அலி. அப்போது பிரதமர். கிழவருக்கு ஆளும் திறன் இல்லை என்று மருத்துவர்களிடம் சான்றிதழ் வாங்கி, ஆட்சியைப் பிடித்தார். பிடித்தவர் தேர்தல் நடத்தினார். ஒன்றல்ல, ஐந்து! 1989இல் அவர் பெற்றது நூற்றுக்கு 99. 1994இலும் 99. 1999இலும் 99. 2004இல் 94. 2009இல் 89.

முதல் இரண்டு தேர்தலிலும் எதிர்த்து நிற்க ஆளே இல்லை. ஆளில்லாமலா போயிற்று? 1994இல் நிற்கிறேன் என்று ஒருவர் கிளம்பினார். முன்சிஃப் மர்சூக்கி என்ற மருத்துவர். மனித உரிமைக்காகப் பாடுபட்டவர். அவருக்கு என்ன கிடைத்தது? வேட்பாளர் பட்டியலில் இடமா? இல்லை, சிறையிலே இடம்!

இந்த மர்சூக்கியை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். மீண்டும் வருவார்.

தராசைப் பறித்தார்கள்

99 வாங்கியவர் ஆண்ட நாட்டிலே, சிதி பூசித் என்ற உள்நாட்டு ஊரில், முகமது பூஅசீசி என்ற இளைஞர் தள்ளுவண்டியிலே காய்கனி விற்றுக் குடும்பம் காத்து வந்தார். 2010 டிசம்பர் 17ஆம் நாள், அதிகாரிகள் அவர் சரக்கைப் பறித்தார்கள். தராசையும் பறித்தார்கள். முறையிடப் போனார், கேட்பாரில்லை. அரசு அலுவலக வாயிலிலே தம் உடலுக்குத் தாமே தீ வைத்துக்கொண்டார். 2011 ஜனவரி 4ஆம் நாள் மாண்டார்.

ஏழையின் தராசு அது! அதன் விலை என்ன பெறும்? ஆனால் அது பறிபோன நாளிலிருந்து இருபத்தெட்டாம் நாள், 23 ஆண்டு ஆண்டவர் விமானம் ஏறிச் சவூதி அரேபியாவுக்கு ஓடினார்!

அவரை ஓட்டியவர்கள் யார்? வீதியிலே இறங்கிய இளைஞர்கள் ஒருபுறம். அவர்களுக்குத் தோள் கொடுத்த தொழிலாளர் சங்கம் மறுபுறம். துனீசியப் பொதுத் தொழிலாளர் சங்கம் நேற்று முளைத்ததல்ல. 1946இல் ஃபர்ஹாத் ஹாஷித் என்ற தொழிற்சங்கத் தலைவர் கண்டது. விடுதலைப் போரிலே முன்நின்றதற்காக 1952இல் அவர் சுட்டுக் கொல்லப்பட்டார். 1978 ஜனவரியில் அச்சங்கம் பொது வேலைநிறுத்தம் செய்தபோது, சொந்த நாட்டு அரசே துப்பாக்கி தூக்கிற்று. அந்த இரத்தத்திலே நனைந்த சங்கம்தான், 2011 ஜனவரி 12ஆம் நாள் ஸ்ஃபாக்ஸ் என்னும் தொழில் நகரிலே வேலைநிறுத்தம் அறிவித்து நகரையே வீதிக்குக் கொண்டுவந்தது. இரண்டே நாள்! கொடி மரம் சாய்ந்தது, கொற்றம் கவிழ்ந்தது.

பேசித் தீர்த்த பெருமை

கவிழ்ப்பது எளிது; கட்டுவது கடினம். 2011 அக்டோபரில் அரசியல் நிர்ணய சபைக்குத் தேர்தல் நடந்தது. 217 இடங்களில் எந்நஹ்தா என்ற இசுலாமியக் கட்சி 89 இடம் பெற்று முன்னே வந்தது. 1994இல் சிறைக்குப் போன மர்சூக்கியை அச்சபை இடைக்காலக் குடியரசுத் தலைவராக்கியது.

2013இல் இடி விழுந்தது. பிப்ரவரியில் ஷுக்ரி பெலாயித், ஜூலையில் முகமது பிராஹ்மி என எதிர்க்கட்சித் தலைவர்கள் இருவர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். "ஆட்சியே, விலகு!" என்று ஒரு பாதி. "தேர்ந்தெடுத்த ஆட்சியை விலகச் சொல்ல நீ யார்?" என்று மறுபாதி. அதே மாதம், அக்கம்பக்கத்து எகிப்திலே படைத்தலைவர் ஆட்சியைப் பிடித்துக்கொண்டார். துனீசியாவும் அவ்வழியே போகும் என்று கணித்தவர்கள் பலர்.

போகவில்லை! தொழிலாளர் சங்கம் எழுந்தது. முதலாளிகள் சங்கத்தையும், மனித உரிமைக் கழகத்தையும், வழக்கறிஞர் சங்கத்தையும் அழைத்து, நால்வராய் நடுவிலே உட்கார்ந்து, கட்சிகளை ஒரே மேசைக்கு இழுத்து வந்தது. கூலி கேட்டால் முகம் சுளிக்கும் முதலாளியும், கூலிக்காகக் கொடி பிடிக்கும் தொழிலாளியும் நாட்டுக்காக ஒரு பக்கம் நின்றார்கள். எந்நஹ்தா ஆட்சியை விட்டு இறங்கிற்று. 2014 ஜனவரியில் புதிய அரசியல் சட்டம் பிறந்தது. அந்த நால்வருக்கு 2015இல் நோபல் சமாதானப் பரிசு தரப்பட்டது. துப்பாக்கி பேச இருந்த இடத்தில் நாவைப் பேசவைத்ததற்கான பரிசு அது.

55இன் பெருமை

இப்போது நம் கணக்குக்கு வருவோம்.

2014 நவம்பர் 23. துனீசிய மக்கள் தங்கள் வரலாற்றிலே முதன்முறையாக, அச்சமின்றித் தங்கள் குடியரசுத் தலைவரைத் தாங்களே தேர்ந்தெடுக்கச் சாவடிக்குச் சென்றார்கள். ஒரே ஆள் நின்ற நாட்டிலே, ஓட்டுச் சீட்டில் 27 பெயர்கள்! எவருக்கும் பாதிக்கு மேல் கிடைக்கவில்லை. முதல் இருவருக்கும் டிசம்பர் 21ஆம் நாள் இறுதிப் போட்டி. ஒருவர், பதவியில் இருந்த மர்சூக்கி. மற்றவர், 88 வயது முதியவர் எஸ்ஸெப்சி. பூர்கிபாவிடம் அமைச்சராகவும், பென் அலி காலத்தில் நாடாளுமன்றத் தலைவராகவும் இருந்தவர்.

எஸ்ஸெப்சிக்கு 17 இலட்சத்து 31 ஆயிரம் வாக்கு. மர்சூக்கிக்கு 13 இலட்சத்து 78 ஆயிரம். நூற்றுக்கு 55, நூற்றுக்கு 44.

"பழைய பெருச்சாளியல்லவா வென்றது? இதிலென்ன பெருமை?" என்று கேட்கும் தோழர் இருப்பார். கேட்கட்டும். வென்றவரைப் பார்த்துப் பெருமைப்படவில்லை நாம். தோற்றவரைப் பார்த்துப் பெருமைப்படுகிறோம்! பூர்கிபா எப்படிப் போனார்? மருத்துவர் சான்றிதழோடு போனார். பென் அலி எப்படிப் போனார்? விமானம் ஏறி ஓடிப் போனார். மர்சூக்கி எப்படிப் போனார்? "தோற்றேன்" என்று ஒப்புக்கொண்டு, தம் ஆதரவாளர்களை அமைதி காக்கச் சொல்லி, கார்த்தேஜ் மாளிகையைப் புதியவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். 1994இல் நிற்க முயன்றதற்கே சிறை சென்றவர், 2014இல் நின்றார், தோற்றார், தலைநிமிர்ந்து வீடு சென்றார்!

இதுதான் 55இன் பெருமை, தோழர்களே! அது தனியாக நிற்கும் 55 அல்ல. எதிரே 44 நிற்கிறது. "உனக்கு ஓட்டுப் போடவில்லை" என்று 13 இலட்சத்து 78 ஆயிரம் பேர் சொல்லிவிட்டு, நிம்மதியாகத் தூங்கப் போன நாட்டின் 55 அது. தராசு என்றால் இரண்டு தட்டு வேண்டும். எதிர்த்தட்டு இருந்தால்தான் முள் உண்மை பேசும்.

சோறில்லாத சீட்டு

அடுத்த கதை வேதனை. வேதனையானாலும் மறைக்க மாட்டோம்.

ஓட்டு வந்தது, வேலை வரவில்லை. நூற்றுக்குப் பதினைந்து பேர் வேலையின்றி இருந்தார்கள். படித்த இளைஞர்களிடையே நிலைமை இன்னும் மோசம். 2015இல் பார்தோ காட்சியகத்திலும் சூஸ் கடற்கரையிலும் வெறியர்கள் சுட்டதில் வெளிநாட்டுப் பயணிகள் பலர் மாண்டார்கள். பயணிகள் வருகையால் பிழைத்த பல குடும்பங்களின் பிழைப்பில் மண் விழுந்தது. படகேறி இத்தாலிக்குப் போகத் துணிந்த இளைஞர்கள் பலர் கடலோடு போனார்கள். அரசுகள் அடுக்கடுக்காக மாறின. நாடாளுமன்றத்தில் கட்சிகள் கட்டிப் புரண்டன. சிதி பூசித்தில் தள்ளுவண்டிக்காரன் தள்ளுவண்டிக்காரனாகவே இருந்தான்.

இன்னொரு பெருங்குற்றமும் செய்தார்கள். 2014 அரசியல் சட்டம், அரசியலமைப்பு நீதிமன்றம் ஒன்று வேண்டும் என்றது. 12 பேர் கொண்ட மன்றம். சண்டை வந்தால் தீர்ப்புச் சொல்லும் நடுவர். "உன் ஆளா, என் ஆளா?" என்று கட்சிகள் இழுபறி நடத்தியதில், அந்த மன்றம் கடைசிவரை அமையவேயில்லை! நடுவர் இல்லாமலே ஆட்டம் ஆடினார்கள். அந்தக் காலி நாற்காலியை ஒருவர் கவனித்துக்கொண்டிருந்தார்.

2019 ஜூலையில் எஸ்ஸெப்சி பதவியில் இருக்கும்போதே காலமானார். தேர்தல் வந்தது. 26 வேட்பாளர்கள். இறுதிப் போட்டிக்கு வந்த இருவரில் ஒருவர் தொலைக்காட்சி முதலாளி நபீல் கரூயி. பிரசாரக் காலத்தின் பெரும்பகுதியைச் சிறையில் கழித்தவர். மற்றவர் கைஸ் சயீத். அரசியல் சட்டம் கற்பித்த ஆசிரியர். கட்சி இல்லை, பணம் இல்லை, ஆடம்பரம் இல்லை. "நம்மவர் இவர்!" என்று இளைஞர்கள் திரண்டார்கள். 27 இலட்சத்து 77 ஆயிரம் வாக்கு, நூற்றுக்கு 72! நேர்மையாகக் கிடைத்த வெற்றி அது. குறை சொல்ல மாட்டோம்.

பாடம் நடத்தியவர் பூட்டுப் போட்டார்

2021 ஜூலை 25. கொள்ளைநோயால் மருத்துவமனைகள் நிரம்பி வழிந்த நேரம். பிரதமரை நீக்கினார் சயீத், நாடாளுமன்றத்தை முடக்கினார். அரசியல் சட்டத்தின் 80ஆம் பிரிவு தமக்கு அதிகாரம் தருகிறது என்றார். அந்தப் பிரிவு என்ன சொல்கிறது? ஆபத்துக் காலத்திலே நாடாளுமன்றம் இடைவிடாது கூடியிருக்க வேண்டும் என்கிறது! கூடியிருக்க வேண்டும் என்ற பிரிவைக் காட்டியே கூடத்தைப் பூட்டினார், அரசியல் சட்டப் பேராசிரியர்! தவறென்று சொல்ல நடுவர் உண்டா? நாற்காலிதான் காலியாயிற்றே!

அன்றிரவு மக்கள் என்ன செய்தார்கள்? இதுதான் நம் நெஞ்சைச் சுடுகிறது. வீதிக்கு வந்து கொடியசைத்து ஆரவாரம் செய்தார்கள்! கட்சிகள் மேலிருந்த கசப்பு அவ்வளவு. "இந்தக் கூச்சல்காரர்கள் ஒழிந்தால் போதும்" என்று எண்ணினார்கள். எதிரியின் வாயைக் கட்டும் கயிறு, நாளை தன் வாய்க்கும் வரும் என்று எண்ணிப் பார்க்கவில்லை.

வந்தது. நீதித்துறைப் பேரவை 2022 பிப்ரவரியில் கலைக்கப்பட்டது. நாடாளுமன்றம் மார்ச்சில் கலைக்கப்பட்டது. தேர்தல் ஆணைய உறுப்பினர்களைத் தலைவரே நியமிக்கும்படி ஆயிற்று. ஜூனில் 57 நீதிபதிகள் ஒரே மூச்சில் நீக்கப்பட்டார்கள். ஜூலையில் புதிய அரசியல் சட்டத்துக்கு வாக்கெடுப்பு: ஆதரவு நூற்றுக்கு 94, வாக்களிக்க வந்தவர்கள் நூற்றுக்கு 30 பேர்! டிசம்பரில் நாடாளுமன்றத் தேர்தல்: வந்தவர்கள் நூற்றுக்கு 11 பேர்! பழைய மர்சூக்கி? வெளிநாட்டில் இருந்த அவருக்கு, 2021 டிசம்பரிலேயே நான்காண்டுச் சிறை என்று தீர்ப்பாயிற்று.

90இன் சிறுமை

2024 அக்டோபர் 6. மூன்றாவது தேர்தல். 27 பேரும் 26 பேரும் நின்ற நாட்டிலே, ஆணையம் அனுமதித்தது மூன்று பேரை! விலக்கப்பட்டவர்களில் மூவர் நிர்வாக நீதிமன்றம் சென்றார்கள். "இவர்களையும் சேர்" என்றது நீதிமன்றம். "மாட்டேன்" என்றது ஆணையம். தேர்தலுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது, அந்த நீதிமன்றத்துக்குத் தேர்தலில் தலையிடும் அதிகாரமே இல்லை என்று நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்திற்று. ஆட்டத்தின் நடுவே விதியை மாற்றினார்கள்! எதிர்த்து நின்ற அயாச்சி சம்மெலுக்கு, ஆதரவுக் கையெழுத்துகள் பொய் என்று வழக்கு. வாக்குப்பதிவுக்கு ஐந்து நாள் முன்பு 12 ஆண்டுச் சிறை. பெயர் சீட்டிலே, ஆள் சிறையிலே!

முடிவு? சயீத்துக்கு நூற்றுக்கு 90. சம்மெலுக்கு 7. மூன்றாமவருக்கு 2.

இப்போது, அந்த 90ஐக் கொஞ்சம் உரித்துப் பார்ப்போம். 2019இல் அவர் வாங்கிய வாக்கு 27 இலட்சத்து 77 ஆயிரம். 2024இல் வாங்கியது 24 இலட்சத்து 38 ஆயிரம். மூன்று இலட்சத்துக்கு மேல் குறைவு! 72 கிடைத்தபோது அதிகம் பேர். 90 கிடைத்தபோது குறைந்த பேர்! வாக்காளர் பட்டியலில் இருந்தவர்கள் 97 இலட்சம். அதிலே 24 இலட்சம் என்றால், நூற்றுக்கு 25. நாலு பேரில் ஒருவர் போட்ட ஓட்டுக்குத் தொண்ணூறு என்று பட்டம் கட்டினார்கள். சாவடிக்கு வராமல் வீட்டிலேயே இருந்தவர்கள் நூற்றுக்கு 71 பேர். தட்டு ஒன்றைக் கழற்றி எறிந்துவிட்டு, "பாருங்கள், என் பக்கம்தான் கனம்!" என்கிறது தராசு!

ஓட்டும் போயிற்று, ரொட்டியும் வரவில்லை

"எல்லாம் சரி, பசித்தவனுக்கு ஓட்டு எதற்கு? சோறு போடும் ஒருவன் தனியாக ஆண்டால்தான் என்ன?" இந்தக் கேள்வி கேட்பவர் எந்த நாட்டிலும் உண்டு. துனீசியாவிலும் கேட்டார்கள். கேட்டுத்தான் 2021இல் ஆரவாரம் செய்தார்கள். அவர்களுக்குச் சோறு வந்ததா? 2022இல் சர்க்கரைக்கும் பாலுக்கும் கடைகளில் தட்டுப்பாடு. 2023இல் ரொட்டிக் கடை வாயிலில் வரிசை. அவ்வாண்டின் தொடக்கத்தில் விலைவாசி ஏற்றம் நூற்றுக்குப் பத்தைத் தாண்டிற்று. தட்டிக்கேட்க எழுந்த தொழிற்சங்க நிர்வாகிகள் சிலர் கைதானார்கள். 2025 ஏப்ரலில், சதி செய்ததாகக் குற்றம் சாட்டி, எதிர்ப்பாளர்கள் பலருக்கு 66 ஆண்டு வரை சிறை விதித்தார்கள்.

1984 ஜனவரியை அந்நாட்டுத் தாய்மார்கள் மறந்திருக்க மாட்டார்கள். ரொட்டி விலையை ஏற்றினார் பூர்கிபா, வீதி கொதித்தது, பலர் மாண்டபின் விலையை இறக்கினார். அன்று ரொட்டி விலையைக் குறைக்க உயிரைக் கொடுக்க வேண்டியிருந்தது. ஓட்டு உயிரோடு இருந்தால், உயிர் கொடுக்க வேண்டியதில்லை; ஆட்சியை மாற்றினால் போதும். அதனால்தான் சொல்கிறோம்: ஓட்டு வேறு, ரொட்டி வேறு என்று எவன் பிரித்துப் பேசினாலும் நம்பாதீர்கள். ரொட்டி தராமல் ஓட்டை மட்டும் காட்டிய கட்சிகள் முதற்குற்றவாளிகள். ரொட்டி தருகிறேன் என்று ஓட்டைப் பறித்தவர் இரண்டாம் குற்றவாளி. இழந்தவன் மட்டும் ஒருவனே. அவன் உழைப்பாளி!

ஆகவே, எந்த நாட்டில் எவர் வென்றதாகச் செய்தி வந்தாலும், வென்றவர் வாங்கியது எவ்வளவு என்று பார்த்து வியந்துவிடாதீர்கள், தோழர்களே! மூன்று கேள்வி கேளுங்கள். நிற்க விரும்பியவர் நிற்க முடிந்ததா? சண்டை வந்தால் தீர்ப்புச் சொல்ல, ஆள்பவர் கைக்கு அடங்காத நடுவர் உண்டா? தோற்றவர் இன்று இரவு தம் வீட்டில் தூங்குகிறாரா, சிறையில் தூங்குகிறாரா? மூன்றுக்கும் நல்ல விடை கிடைத்தால், 51 வாங்கியவரும் மக்கள் தலைவரே. கிடைக்காவிட்டால், 99 வாங்கினாலும் அவர் காவற்காரர் இல்லாத களஞ்சியத்தில் புகுந்தவரே.

பென் அலி 99 வாங்கினார். இருபத்தெட்டே நாளில் அந்த 99 காற்றிலே பறந்தது. 90 வாங்கியவர் அதை எண்ணிப் பார்ப்பது நல்லது. சாவடிக்கு வராத அந்த 71 பேர் ஊமைகள் அல்லர். தராசைப் பறித்த அதிகாரியை நாடே எழுந்து கேட்ட கேள்வி, அவர்கள் வீட்டுத் திண்ணையிலே இன்னும் உட்கார்ந்திருக்கிறது. என்றோ ஒருநாள் அது எழும். எழும்போது, இரண்டு தட்டும் உள்ள தராசையே கேட்கும்!

55 பெரிதா, 90 பெரிதா? இப்போது சொல்லுங்கள், தோழர்களே!